கிஃப்ட் பண்ணிய சோபா

என் மைத்துனன் ஹரிப்ரசாத் யாருக்கும் எதையும் கொடுப்பதில்லை. கிஃப்ட் பண்ணுவான். இரண்டும் ஒன்றுதானே என்று நினைப்பவர்கள் பாக்கியசாலிகள். அவர்களுக்கு இதுவரை யாரும் எதையும் கிஃப்ட் பண்ணவில்லை.

கொடுப்பதற்கு இரண்டு கை போதும். ஒன்று தருகிற கை, மற்றது வாங்குகிற கை. கிஃப்ட் பண்ணுவதற்கு மேடை வேண்டும், மைக் வேண்டும், அந்த மைக்கை ‘ஹலோ, ஹலோ’ என்று தட்டிப் பார்க்க ஒருவன் வேண்டும், போட்டோ பிடிக்க ஒருவன் வேண்டும். எல்லாவற்றுக்கும் கடைசியில், ஓரமாக, ஓர் ஏழையும் வேண்டும். அந்த ஏழைக்கும் இப்போது பெயர் மாறிவிட்டது. இங்கிலீஷில் பெனிஃபிஷியரி. கன்னட நோட்டீசில் ஃபலானுபவி. முதலாவது ஏதோ இன்ஷூரன்ஸ் பாலிசிபோல இருக்கிறது, இரண்டாவது ஜாதகத்தில் வரும் தசைபோல இருக்கிறது. இரண்டிலும் ஆளைக் காணோம்.

ஹரிப்ரசாத் முன்பு இப்படி இல்லை. மைசூரில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் மானேஜராக இருந்துகொண்டு எல்லோரையும்போலப் பேசிக்கொண்டிருந்தவன்தான். தொண்ணூற்றாறில் அவனைப் பெங்களூருக்கு ஏதோ பயிற்சிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தவன் வாயில் வேறு யாரோ குடியேறியிருந்தார்கள். ‘பேசிக்கலி’ இல்லாமல் வாக்கியம் புறப்படாது. சொந்தப் பிள்ளையோடு சற்று நேரம் கேரம் ஆடினால் அது குவாலிட்டி டைம். மேகம் கறுத்ததும் குடையை எடுத்தால் அவன் ப்ரோஆக்டிவ். என் மனைவி லக்ஷ்மம்மா அவனுடைய கூடப் பிறந்த அக்கா. அவளிடமே வந்து, “அக்கா, நாம இன்னும் கொஞ்சம் இன்டராக்ட் பண்ணணும்” என்றான்.

“சாப்பிட வாடான்னா வரப்போறே. அதுக்கு என்னடா இத்தனை ஜம்பம்?” என்றாள் அவள்.

அவன் வீட்டில் ஒரு சோபா இருந்தது. கல்யாணமான வருஷம் வாங்கியது. மூன்று பேர் உட்காரலாம் என்று சொல்லி விற்றிருந்தார்கள். அரக்கு நிற ரெக்ஸின். நடுவில் உட்காருபவரை ஸ்பிரிங் விசாரிக்கும். இடது ஓரம் உட்காருபவர் எழுந்திருக்க இன்னொருவர் கை கொடுக்க வேண்டும். ஒரு கால் போய்விட்டதால் அந்த இடத்தில் செங்கல். குவெம்புநகரில் கட்டிக்கொண்டிருந்த புது வீட்டுக்குள் அந்தச் சோபா கால் வைக்கக் கூடாது என்று அவன் மனைவி மானஸா தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். திரைச்சீலைக்குப் பொருத்தமாகப் புதுசுக்கு ஆர்டர் கொடுத்தாயிற்று. பழைய சாமான் வாங்குபவனைக் கூப்பிட்டுக் காட்டினான் ஹரிப்ரசாத். அந்த ஆள் சோபாவை ஒரு சுற்று வந்து, கையால் ஒரு தடவை அமுக்கிப் பார்த்து, எடுத்துப்போகத் தயார், ஆனால் வண்டிக் கூலியை யார் தருவது என்று கேட்டானாம்.

கைக்காசு செலவழித்துத் தள்ள வேண்டிய பொருள் என்று தெரிந்த அன்றைக்குத்தான் அவனுக்கு ஏழைகளின் ஞாபகம் வந்தது.

அவன் சேர்ந்திருந்த கிளப்புக்கு ஸ்நேஹ ஸௌரபம் என்று பெயர். ஸ்நேகமும் வாசனையும் எவ்வளவு இருந்தன என்பது எனக்குத் தெரியாது. நாற்காலிகளுக்கு வெள்ளை உறை போட்டிருந்தார்கள். லக்ஷ்மம்மா இழுத்துக்கொண்டு போனதால் நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மேடை நடுவில் அந்தச் சோபா, கழுத்தில் சாமந்தி மாலையோடு. பக்கத்தில் கைகட்டிக்கொண்டு குப்புசாமி மேஸ்திரி.

குப்புசாமி ஹனூர்ப் பக்கத்திலிருந்து மைசூருக்குப் பிழைக்க வந்த தமிழர். ஹரிப்ரசாத்தின் புது வீட்டைக் கட்டுகிறவர் அவர்தான். அன்றைக்குக் கொத்து வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டு, குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு வரச்சொல்லியிருந்தார்கள். எதற்கு என்று யாரும் சொல்லவில்லை.

ஹரிப்ரசாத் மைக்கைப் பிடித்தான். “பேசிக்கலி, இது வெறும் சோபா இல்லை. இட்ஸ் எ கெஸ்ச்சர். நம்ம வீட்டைக் கட்டற கைகளுக்கு நாம ஒரு கம்ஃபர்ட்டை கிஃப்ட் பண்றோம். இட் ஈஸ் எ வின்-வின் சிச்சுவேஷன்!”

கைதட்டல். மேஸ்திரியை உட்காரச் சொன்னார்கள். அவர் மரியாதைக்கு நடுவில் உட்கார்ந்தார். ஸ்பிரிங் விசாரித்தது. அவர் முகம் போன போக்கில் ஃபிளாஷ் அடித்தது. மறு மாத கிளப் இதழில் அந்தப் படத்துக்குக் கீழே ‘ஃபலானுபவியின் ஆனந்தம்’ என்று போட்டிருந்தார்கள்.

உமக்கு இது வேண்டுமா, வைக்க இடம் இருக்கிறதா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. வேண்டாத சாமானைக் கொடுப்பதில் தப்பே இல்லை, நானும் கொடுத்திருக்கிறேன். முதலில் கேட்க வேண்டும். அடுத்தவர் வேண்டாம் என்று சொல்ல வழி விட்டுக் கேட்க வேண்டும். ஒடிந்த காலை ஒட்டிக் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகு அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது. கால் போனதைக் கால் போனது என்று சொல்கிற நாணயமாவது இருக்க வேண்டும். அதற்குக் கெஸ்ச்சர் என்று பெயர் வைத்தால் செங்கல் காலாகிவிடுமா?

பதினைந்து நாள் கழித்து, அக்ரஹாரத்தில் எங்கள் வீட்டு வாசலில் குப்புசாமி வந்து நின்றார். உள்ளே கூப்பிட்டாலும் வரவில்லை.

“சாமி, ஒரு பேச்சு பேசோணும். ஓனருகிட்ட நேரா சொல்ல எனக்கு வாய் வரலீங்க. நீங்க அவருக்கு மாமன் மச்சான் மொறை. பக்குவமா எடுத்துச் சொல்லுங்க.”

“சோபா விஷயமா?”

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். “சோபாதானுங்க. வூட்டுல நொழைஞ்சு போச்சு. எங்களால நொழைய முடியலீங்க.”

மறுநாள் காலை நானே போய்ப் பார்த்தேன். மண்டி மொஹல்லாவில் மூட்டைகளுக்கும் ஆட்டோக்களுக்கும் நடுவே நெளிந்து போனால் ஒரு சந்து, சந்துக்குள் வரிசை வீடுகள், மூன்றாவது குப்புசாமியுடையது. ஒரே அறை. அறை என்றால் நாலு சுவர், ஒரு அடுப்பு மேடை. அந்த அறையில் தினம் காலையில் அவர் மனைவி வடிவு களி கிண்டி, கொள்ளுக் குழம்பு வைத்து, மண்டியில் மூட்டை தூக்குகிறவர்களுக்குப் போடுவாள். சுவரை ஒட்டி ஒரு வரிசை, அடுப்பை ஒட்டி ஒரு வரிசை என்று தரையில் உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்து போவார்கள். மேஸ்திரிக்கு மழைக்காலத்தில் வேலை இருக்காது. அப்போதெல்லாம் வீட்டை நடத்துவது அந்தத் தரைதான்.

இப்போது தரை இல்லை. சோபா இருந்தது.

மூட்டைத் தூக்கிகளில் மூத்தவனான ஜடையன் சந்தில், சாக்கடைக்கு மேல் போட்ட கல்லில், தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் முதுகை உரசிக்கொண்டு ஒரு ஸ்கூட்டர் போயிற்று.

“சோபால உக்காந்து சாப்பிடறதுதானே?” என்றேன்.

“உக்காந்தேன் சாமி. அது குத்துச்சு. களி கீழ போச்சு. வடிவக்கா திட்டுச்சு” என்றான். “மத்தவங்க எல்லாம் சென்னம்மா கடைக்குப் போய்ட்டாங்க. நான் பழகின பாவத்துக்கு இருக்கேன்.”

உள்ளேயிருந்து வடிவின் குரல் கேட்டது. “ஆருங்க அது, சோபாக்காரரு வூட்டுச் சாமியா? வாங்க, வாங்க. மேல ஏறி வாங்க. எங்கூட்டுல இப்ப நடக்க முடியாது, ஏறித்தான் தாண்டோணும்.”

ஏறித்தான் தாண்டினேன்.

“பேசாம இதை வெளியில போட்டுடேம்மா” என்றேன். “உடைச்சு அடுப்புக்கு வை. நான் பார்த்துக்கறேன்.”

“நீங்க பாத்துக்குவீங்க. அவரு வந்து பாப்பாரே! வாரத்துக்கு ஒருக்கா ஸ்கூட்டர நிறுத்திப்போட்டு, ‘என்னம்மா, கம்பர்ட்டா இருக்கா’ங்கறாரு. கம்பர்ட்டு! நிக்க எடமில்லாம நான் ஒத்தக் கால்ல களி கிண்டறேன். இன்னும் தரை வேலை பாக்கி, காம்பவுண்டு பாக்கி. அவரு சங்காத்தக்காரங்க மூணு பேரு வூடு கட்டப் போறாங்களாம், இவர்கிட்டத்தான் வேலையாம். இத வெளிய போட்டா அது போச்சுல்லீங்க?” கரண்டியால் சோபாவின் முதுகில் ஒன்று போட்டாள். “அதுகூடப் போகட்டுங்க. சபையில பேரு சொல்லி, மாலை போட்டுக் குடுத்துப்போட்டாரு. எங்க பக்கத்துல அது தானம் கெடையாது, செய்முறை. அவிய வூட்டு விசேசத்துக்கு நாம திருப்பிச் செய்யோணும். செய்யற வரைக்கும் விக்கக் கூடாது, ஒடைக்கக் கூடாது. செய்யாம விட்டா, ஊருல நாலு சனம் காறித் துப்பும்.”

“அதுவும் அதுக்குச் சமமாச் செய்யோணும்” என்றார் குப்புசாமி, வாசலிலிருந்தே. அவருக்கு உள்ளே வர இடம் இல்லை.

அன்று மாலையே குவெம்புநகர் போனேன். புது வீட்டுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஹரிப்ரசாத் ஹாலின் நடுவில், வரப்போகிற புது சோபாவுக்காகத் தரையில் சாக்பீசால் கோடு போட்டு அளந்துகொண்டிருந்தான்.

“ப்ரசாதா, அந்தச் சோபாவை நீயே திருப்பி எடுத்துக்கோ. அவாளுக்கு வேண்டாம்.”

“அத்திம்பேர், பேசிக்கலி இது ஒரு மைண்ட்செட் ப்ராப்ளம். அவா தரையில உக்காந்தே பழகினவா. அப்கிரேட் ஆகறதுக்கு டைம் எடுக்கும்.”

“தரையில உக்காந்துதான்டா அவா சம்பாதிக்கறா. பந்தி போடற இடம் அது. நீ குடுத்தது சோபா இல்லை, பூட்டு.”

“நீங்க நெகடிவா பாக்கறேள்.”

“நடுவுல ஸ்பிரிங் குத்தறதே, அது பாசிடிவா நெகடிவா?”

அவன் சிரித்தான். பயிற்சியில் சொல்லிக்கொடுத்த சிரிப்பு; பல் மட்டும் தெரியும். “ஆக்சுவலி, ஒரு குட் நியூஸ். கிளப்புலேர்ந்து ஃபாலோ-அப் விசிட் வைக்கறோம். கிஃப்ட் பண்ணினா போறாது, இம்பேக்ட் பாக்கணும். கிரஹப்பிரவேசம் முடிஞ்ச கையோட பிரசிடெண்ட், போட்டோகிராபர் எல்லாருமா மண்டி மொஹல்லா போறோம். அந்தம்மாவும் குழந்தைகளும் சோபால உக்காந்து டிவி பாக்கற மாதிரி ஒரு ஸ்நாப்.”

“அவா ஆத்துல டிவி இல்லைடா.”

“அதையும் யாராவது கிஃப்ட் பண்ணுவா. அல்வா?”

கன்னடத்து ‘இல்லையா’வான அந்த ‘அல்வா’வைக் கேட்டதும் எழுந்து வந்துவிட்டேன். பேசிப் பிரயோசனம் இல்லை. அவன் காதில் விழும் ஒவ்வொரு சொல்லும் உள்ளே போய் வேறு சொல்லாக உடை மாற்றிக்கொண்டு உட்காருகிறது. மறுத்தால் மைண்ட்செட். கோபித்தால் நெகடிவ். சரி என்றால் இம்பேக்ட். வேண்டாம் என்று ஒரு மனுஷன் சொன்னால் அதை வேண்டாம் என்று கேட்கிற காது அந்த கிளப்பில் ஒருவருக்கும் கிடையாது.

லக்ஷ்மம்மாவிடம் வந்து கத்தினேன். அவள் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டே முழுவதும் கேட்டாள்.

“அவன் கிட்ட எதுக்குப் பேசப் போனேள்? எனக்கு அவனைத் தொட்டில்லேர்ந்து தெரியும். அவன் கேக்கறதுக்குப் பிறக்கலை, பேசறதுக்குப் பிறந்தவன்.” அடுப்பை அணைத்தாள். “அந்த வடிவு, திருப்பிச் செய்யணும்னு சொன்னாளோன்னோ?”

“சொன்னா. சமமாச் செய்யணுமாம்.”

“சமமா என்ன இருக்கு அவகிட்ட?”

நான் யோசித்தேன். “அந்தச் சோபாதான் இருக்கு.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவள் தம்பி என்பதால் நான் வாயைத் திறக்கவில்லை. அவளேதான் திறந்தாள். “நாளைக்கு அவளை ஒரு நடை இங்க வரச் சொல்லுங்கோ. எங்காத்துக் கிரஹப்பிரவேசத்துக்கு அவாளைப் பத்திரிகை வெச்சு நான் அழைக்கணும்.”

வடிவு வந்தாள். லக்ஷ்மம்மா பலகை போட்டு, வெற்றிலை பாக்கு வைத்து, தம்பி வீட்டு விசேஷத்துக்கு முறையாக அழைத்தாள். அவர்கள் பேசியது எனக்கு முழுக்கக் காதில் விழவில்லை. கடைசியில் வடிவு கேட்டது மட்டும் விழுந்தது.

“கொண்டாந்த சீரை உங்க ஜாதியில வாசல்ல நிறுத்தித் திருப்பி அனுப்புவீங்களாம்மா?”

“கிரஹப்பிரவேசத்தன்னிக்கா? வாசலுக்கு வந்த மங்கள வஸ்துவைத் திருப்பினா வீடு விளங்குமா? எங்கம்மா சாப்பாடு இல்லாம எழுந்து போயிடுவா.”

“ஓனரம்மா கோவிச்சுக்குவாங்களே?”

“கோவிச்சுக்கட்டும். மேஸ்திரி வேலைக்கு நான் பொறுப்பு.”

தையில் ஒரு நல்ல நாள். பசுவும் கன்றும் உள்ளே போய் வந்தாயிற்று. பால் பொங்கிற்று. வாத்தியார் அவசரப்பட்டுக்கொண்டிருந்தார், மேல்கோட்டையிலிருந்து வந்தவர், பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஹாலில் கிளப் ஆசாமிகள் கையில் பாதாம் பாலோடு நின்றார்கள். புது சோபாவுக்காகச் சாக்பீஸ் கோடு போட்டிருந்த இடத்தில் கோலம் போட்டிருந்தது. கடைக்காரன் வழக்கம்போல ‘நாளைக்கு’ என்றிருந்தான்.

தெருக்கோடியில் தமட்டைச் சத்தம் கேட்டது.

முதலில் மல்லப்பன் என்ற ஒருவன் தமட்டை அடித்துக்கொண்டு வந்தான். பின்னால் வடிவு, புதுப் புடவையில், தலையில் தாம்பாளம், அதில் தேங்காய், பூ, மஞ்சள் குங்குமம். பக்கத்தில் குப்புசாமி, முகத்தில் ரத்தமில்லாமல். அவர்களுக்குப் பின்னால், நாலு மூட்டைத் தூக்கிகளின் தலைமேல், அரக்கு நிறத்தில், மாலையோடு, சோபா வந்துகொண்டிருந்தது. செங்கலைத் தனியாக ஜடையன் கையில் ஏந்தி வந்தான். அதற்கும் பொட்டு வைத்திருந்தார்கள்.

“இது என்ன?” என்றாள் மானஸா.

“சீரு வந்திருக்குதுங்க” என்றாள் வடிவு, தெரு முழுக்கக் கேட்கும்படி. “மேஸ்திரி வூட்டுச் சீரு. நீங்க சபையில எங்களுக்குச் செஞ்சீங்க, நாங்க சபையில உங்களுக்குச் செய்யறோம். ஒரு நூல் கொறையல, பாத்துக்குங்க.”

ஹரிப்ரசாத் வாசல்படியில் நின்றான். “பேசிக்கலி...” என்று ஆரம்பித்தான்.

“வேண்டாம், இதெல்லாம் பேடா, பேடா” என்று மானஸா கன்னடத்திலும் மறுத்துக் கையை ஆட்டினாள். “ப்ரசாத், சொல்லுங்கோ அவாளுக்கு!”

உள்ளேயிருந்து வாத்தியார் குரல் கொடுத்தார். “என்ன அங்க? சீர் வந்தா உள்ள விடுங்கோ! வாசப்படியில மறிக்கப்படாது இன்னிக்கு. எனக்கு நேரமாறது.”

லக்ஷ்மம்மா ஆரத்தித் தட்டோடு முன்னால் போய் வடிவுக்கும் சோபாவுக்கும் சேர்த்துச் சுற்றினாள். நாலு பேரும் தலையைக் குனிந்து உள்ளே நுழைந்து, கோலத்தின் நடுவில், சாக்பீஸ் கோட்டுக்குள், இறக்கினார்கள். ஜடையன் குனிந்து செங்கலை அதன் இடத்தில் வைத்தான்.

கிளப் பிரசிடெண்டுக்குக் கண் கலங்கிவிட்டது. வேடிக்கை இல்லை, நிஜமாகவே கலங்கியது. “வாட் எ கெஸ்ச்சர்! ஹரிப்ரசாத், உங்க பெனிஃபிஷியரி உங்களுக்கே கிஃப்ட் பண்ணியிருக்கா! இதுக்கு மேல என்ன இம்பேக்ட் வேணும்?” என்று தட்ட ஆரம்பித்தார். எல்லோரும் தட்டினார்கள். ஹரிப்ரசாத்தைப் பிடித்து நடுவில் உட்காரவைத்தார்கள். அவன் முகம் மாறியதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எழுந்து வந்து என் காதோரம், சுத்தமான தமிழில், “அத்திம்பேர், இதை எங்க கொண்டு போய் வெச்சுக்கறது?” என்றான்.

“அது உன் சமாசாரம்டா” என்றேன். “வாரத்துக்கு ஒரு தடவை வந்து அவா விசாரிப்பாளோ என்னமோ.”

வடிவும் அவள் ஆட்களும் முதல் பந்தியில் உட்கார்ந்தார்கள். சீர் கொண்டுவந்தவர்களை இரண்டாம் பந்திக்குத் தள்ள முடியாது. கிளப்காரர்கள் தூணோரம் நின்று காத்திருந்தார்கள். ஜடையன் புளியோதரையை மூன்றாவது தரம் கேட்டு வாங்கினான். குப்புசாமி இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. லக்ஷ்மம்மா அவரிடம் போய், காம்பவுண்டு வேலைக்குத் திங்கட்கிழமை வரவேண்டும் என்று, தம்பி காதிலும் விழும்படி சொன்ன பிறகுதான் அவருக்குச் சோறு இறங்கியது.

கை கழுவி வந்ததும் போட்டோகிராபர் வடிவை மறித்தான். பிரசிடெண்டும் ஹரிப்ரசாத்தும் சோபாவின் இரண்டு பக்கமும் நின்றிருந்தார்கள்.

“நடுவுல வந்து உக்காருங்கம்மா. ஒரே நிமிஷம்” என்றார் பிரசிடெண்ட்.

“நீங்களே உக்காந்து எடுத்துக்குங்க சாமி” என்றாள் வடிவு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே. “வூட்டுல கொள்ளு ஊறப்போட்டபடி கெடக்குது. நாளைக்குக் காலைல பந்தி இருக்குது எங்களுக்கு. சனத்துக்குச் சொல்லி விட்டுட்டேன்.”

தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, மண்டி மொஹல்லா பக்கம் போகிற ஆட்டோவுக்குக் கை காட்டினாள்.